இன்சூரன்ஸ் ஏஜென்சி ஆபீஸில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்.ஐ.சி. ஏஜெண்டோ, வண்டி இன்சூரன்ஸ் போடுபவரோ, இரண்டையும் சேர்த்துச் செய்பவரோ, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலோ ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரிலோ ஒரு சின்ன அறை எடுத்து ஆபீஸ் வைத்திருப்பார். அவர் பாதி நாள் வெளியே சுற்றிக்கொண்டிருப்பார், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஓயாத போன், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அந்த ஆளாகச் சேரப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பல வருடமாக இதே நாற்காலியில் இருப்பதால் கொஞ்சம் உரிமையோடுதான் சொல்கிறேன்.

வேலை என்றால் உண்மையில் என்ன? டைப்பிங் மட்டும்தானா?

டைப்பிங் ஒரு பகுதி. பாலிசி கேட்டுக் கொடுக்கும் ப்ரபோசல் பாரம் நிரப்புவது, ஆதார், பான், ஆர்.சி. புக் வாங்கி ஸ்கேன் செய்து ஏற்றுவது, பிரீமியம் ரசீது போடுவது, ரின்யூவல் தேதி வருகிறவர்களுக்குப் போன் செய்வது, முகவரி, போன் நம்பர், நாமினி மாற்றக் கேட்டு வருகிறவர்களுக்கு பாலிசியைத் திருத்தும் எண்டார்ஸ்மெண்ட் அனுப்புவது, கிளைம் வந்தால் கம்பெனிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நின்று பேப்பர் சேர்ப்பது, இவ்வளவும் உண்டு. ஏஜெண்டு பாலிசியை விற்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார், அதற்கப்புறம் இருபது வருடம் அந்தக் குடும்பம் போன் செய்வது உங்களுக்குத்தான். இன்று நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்தையும் என்றாவது ஒரு நாள் கிளைம் பிரிவில் ஒருவர் எழுத்து எழுத்தாகப் படிப்பார். இந்த வேலையில் நான் முக்கியமாக நினைப்பது இது ஒன்றைத்தான், கீழே வருவதெல்லாம் அதை ஒட்டித்தான்.

என்ன படித்திருக்க வேண்டும்? லைசன்ஸ் எடுக்க வேண்டுமா?

ஆபீஸ் வேலைக்கு லைசன்ஸ் தேவையில்லை. பிளஸ் டூவோ டிகிரியோ, தமிழில் சரளமாகப் பேச்சு, ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதும் அளவு பழக்கம், எக்ஸெல் கொஞ்சம் தெரிந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் "இந்தப் பாலிசி எடுங்கள், உங்களுக்கு இதுதான் நல்லது" என்று சொல்லி விற்பது லைசன்ஸ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஐ.சி. 38 என்ற ஏஜெண்டு தேர்வு இருக்கிறது, பத்தாம் வகுப்பு முடித்து 18 வயது ஆனவர்கள் பயிற்சியை முடித்துவிட்டு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பாடத்தை ஒரு முறை படித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், போனில் பேசும்போது தைரியம் வரும்.

ப்ரபோசல் பாரம் நிரப்புவதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. உடல்நலக் கேள்விகள் வரிசையாக வரும்: சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஆபரேஷன் நடந்ததா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துக்கொண்டே போவது பல ஆபீஸ்களில் பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேள்வியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், பதிலை அவர் சொல்லட்டும். "சுகர் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார், "காலையில என்ன மாத்திரை போடுறீங்கண்ணா?" என்று கேட்டால் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டுவார். மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம், மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருந்தால் அது நோயே இல்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

சர்க்கரை இருப்பதை எழுதினால் என்ன ஆகும்? ஹெல்த் பாலிசியில் பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் வரும். 2024 விதிப்படி ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான், அது முடிந்ததும் அந்த நோய்க்கான சிகிச்சையும் கவர் ஆகும். எழுதாமல் விட்டால்? இரண்டாம் வருடம் ஆஸ்பத்திரியில் சேரும்போது டாக்டர் "ஐந்து வருடமாகச் சர்க்கரை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார், அந்த ஒரு வரி போதும், கிளைமும் போய்ப் பாலிசியும் போகலாம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததைக் காரணம் காட்டிக் கம்பெனி கிளைமைத் தள்ள முடியாது. ஆயுள் காப்பீட்டில், காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அந்தக் கெடுவை 3 வருடம் என்று வைத்திருக்கிறது, அதற்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அதை நம்பி மறைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஏஜெண்டுகள் செய்வது துரோகம். அந்த மூன்று வருடத்துக்குள்ளேயே சாவு வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கஸ்டமர் வெளியூரில் இருக்கிறார். அவருக்குப் பதில் நான் கையெழுத்துப் போடலாமா?

கூடாது. முதலாளியே சொன்னாலும் கூடாது. ஓ.டி.பி.யும் அப்படித்தான், எதற்கு ஒப்புதல் கொடுக்கிறோம் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லாமல் நம்பரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

பெயரில் இனிஷியல் முன்னும் பின்னும் இருந்தால் பரவாயில்லையா?

நம் ஊரில் இது தனித் தலைவலி. ஆதாரில் முருகேசன் கே, பான் கார்டில் இனிஷியலை விரித்துக் குப்புசாமி முருகேசன், பேங்க் பாஸ்புக்கில் கே. முருகேசன், பழைய எல்.ஐ.சி. பாண்டில் (பாலிசிப் பத்திரத்தில்) வெறும் முருகேசன். ஆள் ஒருவர்தான், நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிரீமியம் கட்டும் காலம் முழுக்க யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பணம் வர வேண்டிய நாளில்தான் பேங்கிலிருந்து திரும்பி வரும். 2023 ஜனவரி முதல் எல்லாப் புதுப் பாலிசிக்கும் கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே இது பிடிபட்டுவிடுகிறது. பழைய பாலிசிக்காரர்கள்தான் பாவம். அவர்கள் வேறு வேலையாக ஆபீஸுக்கு வரும்போது பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் பாண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே திருத்த மனு வாங்கிவிடுங்கள். முதிர்வுத் தேதிக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் அப்போது அதை எடுத்துத் தர நீங்களும் அங்கே இருக்க மாட்டீர்கள்.

"பாலிசியைப் போட்டுடும்மா, பணம் நாளைக்கு அனுப்பிடறேன்" என்று கேட்டால்?

பழகினவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள், முகத்தை முறிக்க மனசு வராது. காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு தெளிவாக இருக்கிறது: பிரீமியம் வந்த பிறகுதான் கவர். செக் கொடுத்து அது திரும்பிவிட்டால் பாலிசியும் இல்லை. அதே பிரிவு நம் பக்கத்துக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது, ஏஜெண்டு வாங்கிய பிரீமியத்தைக் கமிஷன் பிடிக்காமல் 24 மணி நேரத்துக்குள், பேங்க், தபால் விடுமுறை நீங்கலாக, கம்பெனியில் கட்டியாக வேண்டும். ரொக்கமாக வாங்கி டிராயரில் போட்டுவிட்டுத் "திங்கட்கிழமை சேர்த்துக் கட்டிக்கலாம்" என்பது பெரிய ஆபத்து, அந்த இடைவெளியில் வண்டி எங்காவது மோதினால் யார் பதில் சொல்வது? முடிந்தவரை கஸ்டமரின் போனிலிருந்தே கம்பெனியின் லிங்க்கில் கட்ட வையுங்கள். பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் முறை அவர்களே கட்டிவிடுவார்கள்.

ரின்யூவலை எப்படிப் பின்தொடர்வது?

ஒரு எக்ஸெல் ஷீட், முடிவுத் தேதிப்படி வரிசை, அவ்வளவு போதும். 30 நாள் இருக்கும்போது ஒரு மெசேஜ், 15 நாளில் ஒரு போன், கடைசி வாரம் தினமும் ஒரு பார்வை. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இரண்டு நீல டிக் விழுந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பார்த்தவர்கள் எல்லோரும் கட்டுவதில்லை.

வண்டி பாலிசி முடிந்து ஒரு நாள் ஆனாலும், சொந்தச் சேதத்துக்குக் கவர் வேண்டுமென்றால் வண்டியைப் போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்பிக் கம்பெனி சரி சொன்ன பிறகுதான் புதிது போட முடியும். 90 நாள் தாண்டினால், கிளைம் வாங்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும். அது 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் வாங்காதவருக்கு 50 சதவீதம் வரை வரும், விட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். எல்.ஐ.சி. பாலிசிக்கு மாதத் தவணை என்றால் 15 நாளும், மற்றத் தவணைகளுக்கு 30 நாளும் சலுகை உண்டு. லாப்ஸ் ஆன பாலிசியையும் முதலில் கட்டத் தவறிய தவணையிலிருந்து 5 வருடத்துக்குள் புதுப்பிக்கப் பார்க்கலாம், வட்டி கட்ட வேண்டும், உடல்நலச் சான்றும் கேட்கலாம்.

பைக் வைத்திருக்கிறவர்களிடம் ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள். 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 வருடமும் புது காருக்கு 3 வருடமும் தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம், உச்ச நீதிமன்ற உத்தரவு. ஷோரூமில் கொடுக்கும் பாலிசியில் பெரும்பாலும் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி முதல் வருடத்தோடு முடிந்துவிடும். மக்கள் "5 வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள், இரண்டாம் வருடம் வண்டி திருடு போன பிறகு பாலிசியை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். நம்மிடம் போட்ட பாலிசியாக இல்லாவிட்டாலும் சரி, பேப்பரைப் பார்த்ததும் சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்கியவர் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

ஆர்.சி. பெயர் மாற்றியாயிற்றா, பாலிசியில் பெயர் மாற்றியாயிற்றா, இரண்டையும் கேளுங்கள். 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். தர்ட் பார்ட்டி கவர் வண்டியோடு தானாகப் புது ஓனருக்கு மாறிவிடும், சொந்தச் சேதக் கவர் அப்படி மாறாது, பழைய ஓனர் பெயரிலேயே பாலிசி இருக்கும்போது புது ஓனர் கிளைம் கேட்டால் சிக்கல்தான். நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஓட்டிய ஓனருக்குச் சொந்தம். விற்றவர் அதைக் கடிதமாக வாங்கிக்கொண்டு தன் அடுத்த வண்டிக்குப் போட்டுக்கொள்ளலாம். வாங்கியவருக்கு அந்தத் தள்ளுபடியைத் தெரிந்தே போட்டுக் கொடுத்தால் அது பொய்த் தகவல், கிளைம் நேரத்தில் பிடிபடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பதறிப் போய்ப் போன் செய்கிறார்கள். முதலில் என்ன செய்வது?

முதலில் நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். யார் நோயாளி, எந்த ஆஸ்பத்திரி, என்ன பிரச்சினை என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, பாலிசி நம்பரையும் கார்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்த ஆஸ்பத்திரி கம்பெனியின் நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், இருக்கிறதா என்று போனை வைக்காமலே பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போகச் சொல்லுங்கள், கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்கான பாரத்தை அவர்களே அனுப்புவார்கள். 2024 விதிப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இந்த இரண்டு எண்களையும் மேசை மேல் எழுதி ஒட்டி வையுங்கள், கம்பெனிக்குப் போன் செய்து கேட்கும்போது குரலுக்கு ஒரு பலம் கிடைக்கும்.

அடுத்து, ரூம். இதை யாரும் சொல்வதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். பாலிசியில் ரூம் வாடகைக்கு நாளுக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தார் 8,000 ரூபாய் ஏ.சி. ரூம் எடுத்துவிட்டு "மிச்சம் 3,000ஐ நாங்க கட்டிக்கறோம்" என்பார்கள். அப்படிப்பட்ட பாலிசிகளில் வெட்டு ரூமோடு நிற்காது, டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாம் அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்குதான் வரும். சர்ஜன் பீஸ் 80,000 என்றால் கிடைப்பது 50,000. மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருட்கள், ஸ்கேன், டெஸ்ட் போன்றவற்றில் இந்த வெட்டு கூடாது. ரூம் எடுப்பதற்கு முன்னால் இதைச் சொன்னால் பெரிய உதவி, டிஸ்சார்ஜ் அன்று சொன்னால் சண்டைதான் வரும்.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் வழி. சேர்ந்த தகவலை உடனே, பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள், கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, டெஸ்ட் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, பணம் கட்டிய ரசீது எல்லாம் ஒரிஜினலாக வேண்டும், மெடிக்கல் ஷாப் பில்லுக்கு டாக்டர் சீட்டு இல்லையென்றால் அந்தத் தொகை நிற்கும். இவற்றை எடுத்து வைக்கச் சொல்லி முதல் நாளே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.

மழைக்காலத்தில் வேலை கூடுமா?

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் என்ன நடந்தது என்று பார்த்தோமே. ஐப்பசி பிறந்ததுமே கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் ஒரு மெசேஜ் போடுவேன்: தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளியோ தூக்கியோதான் நகர்த்துங்கள், போட்டோ எடுத்து அனுப்புங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது போய்விட்டால் சாதாரண பாலிசியில் அதைத் தர மாட்டார்கள், இன்ஜின் பாதுகாப்பு ஆட் ஆன் (கூடுதல் கவர்) போட்டிருக்க வேண்டும். கடை, குடோன் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கேள்வி: சரக்கு பாலிசியில் எழுதியிருக்கும் முகவரியிலேயே இருக்கிறதா? திருப்பூரில் பனியன் சரக்கை இரண்டு தெரு தள்ளி வேறு குடோனுக்கு மாற்றுவது சாதாரணமாக நடக்கும், பாலிசியில் மாற்றாமல் விட்டால் தீயோ வெள்ளமோ வந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

குடும்பத்தில் ஒருவர் இறந்து கிளைமுக்கு வருகிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கே எல்லாப் பேப்பரையும் கேட்காதீர்கள். காரியம் முடிந்த பிறகு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, தகவலை மட்டும் கம்பெனிக்கு நீங்களே எழுதிவிடலாம். அப்புறம் இறப்புச் சான்றிதழ், ஒரிஜினல் பாண்டு, நாமினியின் அடையாள அட்டை, பேங்க் விவரம், விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் அலைவது கல்லூரி படிக்கும் மகனோ மருமகனோதான், போனில் சொன்னது அவர்களுக்கு மனசில் நிற்காது.

நாமினி அம்மா பெயரிலேயே இருக்கும், கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள் ஆன பிறகும் மாற்றியிருக்க மாட்டார். அப்போது மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நாம் மாட்டிக்கொள்வோம். யார் பக்கமும் பேசாமல் பாலிசியில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். ஆனால் உயிரோடு இருப்பவர்களிடம், கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போதே, "நாமினி மாத்திடலாமா தம்பி?" என்று கேட்டுவிடலாம். குழந்தையை நாமினியாகப் போட்டால் பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு பெரியவரையும் கூடவே நியமிக்க வேண்டும்.

இன்னொன்று, இறந்தவரின் பேங்க் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லி மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. முதலாவதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும், இரண்டாவதில் விபத்தால் இறந்தால், 2 லட்சம் கிடைக்கும். நமக்குக் கமிஷன் இல்லாத வேலைதான், வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் கிடக்கும் பணம் அது, பேங்குக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

கிளைம் நிராகரித்துவிட்டார்கள் என்று கோபமாக வந்தால்?

கத்தட்டும், பேச விடுங்கள். பிறகு நிராகரித்த கடிதத்தை வாங்கி எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தவறான காரணமாக இருந்தால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்ப உதவுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை உள்ள தகராறுகளைப் பார்ப்பார்கள், கம்பெனி பதில் சொன்னதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இதைச் சொன்னால் முதலாளிக்கும் கம்பெனிக்கும் பிடிக்காதோ என்று சிலர் தயங்குகிறார்கள். கஸ்டமரின் உரிமையை அவரிடம் சொல்வதற்குத் தயங்கும் ஆபீஸில் இருப்பதைவிட வேறு வேலை தேடுவது நல்லது.

கமிஷனில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார்களே?

சட்டத்தின் 41ஆம் பிரிவு தடை செய்கிறது, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. "சட்டம் விடாது சார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டால்?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கார், பைக் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது.

சம்பளம் எப்படி? மேலே போக வழி உண்டா?

சின்ன ஊர் ஆபீஸில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், ஜவுளிக் கடையையோ மொபைல் ஷோரூமையோ விட அதிகம் என்று சொல்லி உங்களைக் கூப்பிட மாட்டேன். மார்ச் மாதம் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள், அதற்குத் தனியாகப் பணம் உண்டா என்று சேரும்போதே பேசிவிடுங்கள், டூ வீலரில் பேப்பர் கொண்டுபோகச் சொன்னால் பெட்ரோல் காசையும் பேசுங்கள். ஏஜெண்டு தேர்வு எழுதி லைசன்ஸ் எடுக்கலாம், கிளைம் வேலை நன்றாகக் கற்றுக்கொண்டவர்களை ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க், டி.பி.ஏ. (கம்பெனிக்காகக் கிளைம் பார்க்கும் நிறுவனம்), புரோக்கர் ஆபீஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சேர்ந்ததும் முதல் வாரம் என்ன செய்வது?

ஆபீஸில் அதிகம் போகும் நான்கைந்து பாலிசிகளின் விதிமுறைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். பழைய கிளைம் பைல்களில் பணம் வந்தது ஒன்று, நிராகரித்தது ஒன்று எடுத்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டுங்கள். அப்புறம் அடுத்த இரண்டு மாதத்தில் முடியும் பாலிசிகளின் லிஸ்ட்டை எடுத்து, போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பாருங்கள். பாதி நம்பர் மாறியிருக்கும்.